உணவகத் தொழிலுக்கும் பட்டப்படிப்பு

"எச்சில் இலை எடுக்கவா, சாமி, பிள்ளையைப் பெற்றேன்?" என்று பாலசமுத்திரத்துத் தாயார் ஒருவர் நம்மிடம் கண்கலங்கினார். மேல்நிலைத் தேர்வில் தேறிய மகன் உணவக மேலாண்மை பயில விழைகிறான்.

நம் திண்டுக்கல்லில் 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய பிரியாணிக் கடை, அவர் அணிந்த தலைப்பாகையால் பெயர்பெற்று, இன்று பல நகரங்களில் கிளைத்துள்ளது. ஓர் அடுப்புக்குக் கைப்பக்குவம் போதும். பல கிளைகளுக்குக் கணக்கும் ஒழுங்கும் வேண்டும். அவற்றைக் கற்பிக்கவே சென்னைத் தரமணியில் நடுவணரசின் நிறுவனமும், திருச்சியை அடுத்த துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனமும் உள்ளன. படிப்பு மூன்றாண்டு. சமையலும் பரிமாறலும் மட்டுமல்ல. ஒரு தட்டு உணவுக்கு அரிசி, எண்ணெய், எரிவாயு, கூலி எவ்வளவு எனக் கணித்து விலையிடுதல், முதலில் வந்த சரக்கை முதலில் எடுத்தல், சூடான உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலும் குளிர்ந்ததை 5 பாகைக்குக் கீழும் காத்தல் யாவும் பாடங்களே. பெருங்கடைகள் நொடிப்பதும் பெரும்பாலும் சுவையால் அன்று, இக்கணக்கால்தான்.

இடையே விடுதிகளில் பயிற்சி உண்டு. அங்கே பாத்திரமும் துலக்க நேரும். ஞாயிறு ஓய்வும் அரிது. இவற்றை நாம் மறைக்கவில்லை. விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுமுன், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எதுவென விசாரிக்கவும் சொன்னோம்.

அம்மையார் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், "நுழைவுத்தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது, சாமி?" என்றார்.