வயல் தீயும் வானத்துக் கண்ணும்

பஞ்சாபில் ஐப்பசி மாதத்தில் நெல் அறுவடை முடிந்த பின், கோதுமை விதைப்பதற்குக் குடியானவருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று வாரங்களே. அறுவடை யந்திரம் கதிரை மாத்திரம் கொண்டு, அடித்தாளை நிலத்திலேயே நிறுத்தி, வைக்கோலை வரிசை வரிசையாகக் கொட்டிச் செல்லுகிறது. ஆண்டொன்றுக்கு இவ்வாறு சேரும் வைக்கோல் சுமார் இரண்டு கோடி டன். நிலத்தடி நீரைக் காக்கும் பொருட்டு 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் நடவுக் காலத்தைப் பின்தள்ளியதால், அறுவடையும் தாமதித்து, அவகாசம் மேலும் குறுகிற்று. ஆகவே வயலில் தீ வைப்பதே பலருக்கும் எளிய வழியாயிற்று.

அத்தீயின் புகை வயலோடு நிற்பதில்லை. அப்பருவத்தில் வீசும் வடமேற்குக் காற்று அதனை டில்லி வரையிலும், அதற்கு அப்பாலும் கொண்டு செல்லுகிறது. குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தேங்கும் நாட்களில் புகை மேலெழ வழியின்றி, நகரத்துப் புழுதியோடும் வண்டிப் புகையோடும் கலந்து மூச்சை முட்டுகிறது.

வானத்திலிருந்து காணும் முறை

இப்புகையும் தீயும் செயற்கைக்கோள்களால் இரு வகையில் அறியப்படுகின்றன. தீயிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிர்கள், சுற்றியுள்ள நிலத்தின் கதிர்களினும் மிகுந்திருப்பதால், படத்தில் அவ்விடம் தனித்துத் தோன்றும். 2011-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ‘சுவோமி’ என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளின் கருவி, 375 மீட்டர் அளவுள்ள கட்டங்களாக நிலத்தைப் பிரித்துப் பார்க்கிறது. புகையோ, சூரிய ஒளியைச் சிதறடித்தும் உட்கொண்டும் தன்னைக் காட்டிக்கொள்ளுகிறது. ஒளி எவ்வளவு தடைப்படுகிறதென்பதை அளந்து, புகையின் செறிவையும், நாள்தோறும் அது சென்ற திசையையும் அறிகிறார்கள்.

கணக்கில் நேரும் குறை

பஞ்சாபில் அறுவடைப் பருவத்தில் பதிவான தீக்கள் 2021-இல் 71,304, 2023-இல் 36,663, 2024-இல் 10,909. எண் வெகுவாகக் குறைந்திருப்பது மெய். வைக்கோலைக் கையாளும் யந்திரங்கள் பெருகியதும் இதற்கு ஒரு காரணமாகும். ஆயினும் எரிப்பு எவ்வளவு குறைந்ததென்பதை இவ்வெண் ஒன்றைக் கொண்டே முடிவு செய்வதற்கில்லை. ‘சுவோமி’ போன்ற செயற்கைக்கோள் ஓரிடத்திற்கு மேல் பகலில் கடந்து செல்வது சுமார் ஒன்றரை மணிக்கு. அதற்குப் பின் மூட்டி இரண்டொரு மணியில் அணைந்துவிடும் வயல் தீ அதன் கண்ணில் படாது. தென் கொரியாவின் செயற்கைக்கோள் ஒன்று ஓரிடத்தில் நிலைத்தாற்போல் நின்று, பத்து நிமிஷங்களுக்கு ஒரு முறை படம் எடுக்கிறது. அப்படங்களை 2024-இல் ஆராய்ந்த அமெரிக்க விண்வெளி விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா, தீக்கள் பிற்பகலில் தாமதித்து மூட்டப்படுவதையும், தீக்கணக்குக் குறைந்த அளவுக்குப் புகை குறையாமையையும் எடுத்துக் காட்டினார்.

ஆதலால் வானத்துக் கணக்கை நிலத்துக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல் அவசியம். எரிந்த வயலில் கரிநிறம் சில நாள் நிற்கும். 10 மீட்டர் நுட்பமுள்ள ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களில் அது புலப்படும். ஆனால் உழுதுவிட்டால் அந்த அடையாளமும் மறையும். கிராம அதிகாரி உரிய நாளில் வயலை நேரில் பார்த்துப் பதியும் குறிப்பே ஐயத்தைத் தீர்க்க வல்லது. படத்தில் தீ காணவில்லை என்பதற்காக, எரிப்பு நிகழவில்லை என்று எழுதுவது சரியன்று.

நிலத்தின் இழப்பு

செயற்கைக்கோள் காணினும் காணாவிடினும் நட்டம் நிலத்துக்கே. ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும் அடங்கியுள்ளன. தீயிட்டால் தழைச்சத்தில் பெரும்பகுதி காற்றோடு போகும்; மண்ணுக்கு உரமாக வேண்டிய மக்கும் பொருளும் அழியும். வைக்கோல் கிடக்கும் வயலிலேயே கோதுமையை விதைக்கும் யந்திரம் பஞ்சாபில் வழக்கத்திற்கு வந்திருக்கிறது. அதனைச் சிறு நிலக்காரர் தனியே வாங்குவது அரிது. கிராமத்தார் கூடி வாங்கி, முறை வைத்து உபயோகித்தால், குறுகிய அவகாசத்திலும் விதைப்பு முடியும், புகையும் எழாது.