1,285 வாக்குகள் தந்த பாடம்

கோட்டையாம் கோட்டை! இந்தத் தொகுதி எங்கள் கோட்டை, அந்தத் தொகுதி அவர்கள் கோட்டை என்று தேர்தல் முரசு கொட்டியதும் மேடைதோறும் முழங்குகிறார்கள். யார் கட்டிய கோட்டை? எவர் எழுதித் தந்த பட்டா? வாக்குச்சாவடியிலே வரிசையில் நிற்கும் ஏழையைக் கேட்டுத்தான் வேலி போட்டார்களா? நாம் கேட்கிறோம், விடை சொல்ல வேண்டியவர்கள் விருதுநகரின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும்.

விருதுப்பட்டியிலே 1903இல் பிறந்தவர் காமராசர். எளிய குடும்பம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1937இல் சாத்தூர் அவரைப் போட்டியின்றியே சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1952இல் திருவில்லிபுத்தூர் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1954இல் முதலமைச்சரானார். குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். அப்போது தி.மு.கழகம் அவரை எதிர்க்கவில்லை, ஆதரித்தது. 1957இலும் 1962இலும் மீண்டும் சாத்தூர். ஏழைச் சிறுவன் பசியோடு பள்ளிக்கு வரலாகாது என்று மதிய உணவு தந்தவர் அவர். 1963இல் பதவியைத் தாமே துறந்தார்; அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேரு மறைந்தபோது சாஸ்திரியையும், சாஸ்திரி மறைந்தபோது இந்திராவையும் பிரதமராக்கியதில் அவர் கை இருந்ததை நாடறியும்.

அத்தகையவர் 1967இல் போட்டியிட வந்தது எங்கே? பிறந்த மண்ணாம் விருதுநகருக்கே! எதிரே நின்றவர் யார்? கோடீசுவரரா? குறுநில மன்னரா? பெ. சீனிவாசன் என்ற இளைஞர்! 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த மாணவர் படையின் தலைவர்களில் ஒருவர். மலைக்கும் மடுவுக்கும் போட்டியா என்று ஏளனம் செய்தோர் உண்டு. பெட்டிகள் திறந்தன, சீட்டுகள் எண்ணப்பட்டன.

சீனிவாசன் 33,421. காமராசர் 32,136. வேறுபாடு 1,285!

இந்த எண்ணைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 643 பேர் மனம் மாறி மறுபக்கம் வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும். அறுநூற்று நாற்பத்து மூன்று பேர்! ஒரு சிற்றூரின் இரண்டு தெருக்கள்! பிரதமர்களை உருவாக்கியவரின் வெற்றி தோல்வி அந்த இரண்டு தெருக்காரர்களின் கையில் இருந்தது. குடியாட்சியின் வலிமை என்பது இதுதான்.

ஏன் தோற்றார்? அவர் நாணயத்தில் குறை கண்டா? இல்லை. அரிசிக்கு அலைந்த தாய்மார்களின் அடுப்பு பேசிற்று. 1965இன் துப்பாக்கிச் சூட்டில் சிந்திய குருதி பேசிற்று. சிதறி நின்ற எதிர்க்கட்சிகளை அண்ணா ஓரணியில் திரட்டிய திறம் பேசிற்று. ஆளுங்கட்சி மீது எழுந்த சினம், அதன் தலைவரை மட்டும் விலக்கி வைத்துவிட்டுப் பாயுமா? 234 இடங்களில் 137ஐக் கழகம் வென்றது. முதலமைச்சர் பக்தவத்சலமும் திருப்பெரும்புதூரில் வீழ்ந்தார்.

காமராசர் தோற்றதற்காக நகைத்தவர்களைப் பார்த்து நாம் ஒன்று சொல்வோம். காஞ்சியிலே பிறந்த அண்ணா, அந்தக் காஞ்சியிலேயே 1962இல் தோற்கவில்லையா? போரில் வென்ற சர்ச்சிலின் கட்சியை 1945இல் ஆங்கிலேய மக்கள் வீட்டுக்கு அனுப்பவில்லையா? தோல்வி ஒரு தலைவரைச் சிறியவராக்கிவிடாது. காமராசரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது, 1971இலும் அனுப்பியது. வென்ற சீனிவாசனும் பின்னாளில் சட்டமன்றத் துணைத்தலைவரானார். ஒருவரை உயர்த்தவும், ஒருவரை ஓய்வெடு என்று சொல்லவும், மீண்டும் அழைத்து வரவும் மக்களுக்குத் தெரியும்.

பக்கத்திலே சிவகாசியைப் பாருங்கள். 1989இல் சீனிவாசனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர், 2011இலும் 2016இலும் அ.தி.மு.க.வின் இராஜேந்திர பாலாஜியை அனுப்பியது. 2021இல் காங்கிரசின் அசோகன் வென்றார். அவரை வெல்ல வைத்த கூட்டணிக்குத் தலைமை தி.மு.க.! 1967இல் எதிரெதிரே பறந்த கொடிகள் ஒரே மேடையில் பறந்தன. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதியின் முடிவு வெறும் 4,379 வாக்குகளில் அமைந்தது. கோட்டை எங்கே? கொத்தளம் எங்கே?

இப்போது விஸ்வநத்தத்துக்கு வருவோம். சிவகாசியை ஒட்டிய ஊர். 1923இல் இந்த வட்டாரத்தில் காலூன்றியது தீப்பெட்டித் தொழில், பின்னர் பட்டாசு வந்தது, அச்சகம் வளர்ந்தது. வானம் பொய்த்த கரிசல் பூமியில் வயிற்றுக்கு வழி காட்டிய தொழில்கள், மறுக்கவில்லை. ஆனால் மருந்து செலுத்தும் கைகளின் நிலை என்ன? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் கருகின. 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் மீண்டும் பேரழிவு. தலைவர்கள் வந்தார்கள்; மாலை வைத்தார்கள்; நிதி அறிவித்தார்கள்; சென்றார்கள். பேரியம் கலந்த பட்டாசும் சரவெடியும் கூடாது என்று 2018இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. காற்று தூய்மையாக வேண்டும், சரி. வேலை இழந்தவன் வீட்டு உலை எரிய வழி சொன்னவர் எத்தனை பேர்?

தோழர்களே! விஸ்வநத்தத்தின் பட்டாசுத் தொழிலாளிக்கு நாம் சொல்வது இதுதான். உம் வாக்கு ஆலை முதலாளியின் வாக்குக்கு ஒரு குன்றிமணி எடையும் குறைந்ததில்லை. வாக்குக் கேட்டு எந்தக் கொடியோடு வருபவரையும் வாசலில் நிறுத்திக் கேளுங்கள். உள்குத்தகைக்கு விட்டு உயிரோடு விளையாடுவதைத் தடுக்க என்ன செய்தீர்? ஓர் அறையில் அளவுக்கு மீறி ஆட்களை அடைப்பதை யார் சோதித்தார்? மழை நாளில், வேலையற்ற நாளில், எங்கள் அடுப்புக்கு என்ன ஏற்பாடு? இறந்தவன் மனைவிக்கு இழப்பீடு கைக்கு வர எத்தனை ஆண்டு?

நம் கொடியோடு வருபவரையும் கேளுங்கள். அவரைக் கட்டாயம் கேளுங்கள்! விடை சொல்ல முடியாதவர் எம் அணியில் இருந்தால் அது எமக்குத்தான் இழுக்கு.

பணம் தந்து வாக்கை வாங்க வருபவன், ஐந்தாண்டுக்கு உம் வாயை அடைக்கும் பூட்டையும் கூடவே கொண்டு வருகிறான். வாங்காதீர்! விருதுநகரிலே 1,285 வாக்குகள் ஒரு மாபெரும் தலைவரையே நிறுத்திக் கேள்வி கேட்டன. அந்தக் கேள்வி கேட்கும் உரிமை உம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், அஞ்ச வேண்டியவர்கள் அஞ்சட்டும்!