'ஆஃபர்'னு இருந்தா டெலீட்? அவசரப்படாதீங்க

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "இன்பாக்ஸைத் திறந்தாலே குப்பை, என்ன பண்றது?" அதனால இன்னைக்கு மெயில் ரூல்ஸ் பத்திப் பேசுவோம். ஜிமெயில்ல இதுக்குப் பேர் ஃபில்டர், அவுட்லுக்ல ரூல்.

நம்ம திருச்சியிலேர்ந்தே ஆரம்பிக்கலாம். ஆர்.எம்.எஸ்., அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ்ல 'டி' டிவிஷனுக்குத் தலைமையிடம் நம்ம ஊர்தான். அங்க தபால் பிரிக்கிறவர் உங்க லெட்டரைப் படிக்க மாட்டார். மேல இருக்கிற ஆறு இலக்கத்தை மட்டும் பார்ப்பார். 620006னா ஸ்ரீரங்கம், 620005னா திருவானைக்கோவில், 620015னா என்.ஐ.டி. பக்கம். 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு வந்தப்புறம்தான் இந்த வசதி. அதுக்கு முன்னாடி ஒரே பேர்ல நாலு ஊர் இருந்தா, பிரிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான்.

மெயில் ரூலும் இதே வேலையைத்தான் செய்யுது. "இப்படி இருந்தா இங்க போடு", அவ்வளவுதான். ஸ்பேம் ஃபில்டர் வேற விஷயம். எத்தனையோ பேர் 'ஸ்பேம்'னு அழுத்தினதை வச்சு அது ஊகிக்கும். ரூல் ஊகிக்காது. நீங்க சொன்னதை அப்படியே செய்யும்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி, கடைசி வருஷ இன்ஜினியரிங். தள்ளுபடி மெயில் தொல்லை தாங்காம, 'ஆஃபர்'ங்கிற வார்த்தை இருந்தா டெலீட்னு ஒரு ஃபில்டர் போட்டுட்டா. துணிக்கடை, சாப்பாட்டு ஆப் எல்லாம் காணாமப் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வேலைக்கான ஆஃபர் லெட்டர் வந்துச்சு. அதுவும் அதே வழியில போயிடுச்சு! ஏழு நாளுக்குள்ள சம்மதம் சொல்லணும். ஆறாவது நாள் எச்.ஆர். ஃபோன் பண்ணிக் கேட்டப்பதான் விஷயமே தெரியுது. ஜிமெயில் டிராஷ்ல 30 நாள் வரைக்கும் இருக்கும்ங்கிறதால லெட்டர் கிடைச்சது. அந்த ஃபோன் வரலைன்னா?

அதனால வார்த்தையை வச்சு ரூல் போடாதீங்க, அனுப்புறவங்க முகவரியை வச்சுப் போடுங்க. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறங்க. மொபைல் ஆப்ல ஃபில்டர் போட வழி கிடையாது. தேடற பெட்டியோட வலது ஓரத்துல ஒரு சின்ன ஐகான் இருக்கும். அதை அழுத்தி, 'ஃப்ரம்'ங்கிற இடத்துல கடையோட டொமைனைப் போடுங்க. அடுத்த திரையில 'டெலீட்' வேண்டாம். 'ஸ்கிப் த இன்பாக்ஸ்', கூடவே 'கடை'ன்னு ஒரு லேபிள். வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தாப் போதும்.

'அன்சப்ஸ்கிரைப்'ங்கிற வார்த்தை இருந்தா ஒதுக்குன்னு சில பேர் ரூல் போடுவாங்க. நல்ல தந்திரம்தான், ஆனா வேலை தேடற சைட்டுகளோட மெயில்லயும் அந்த வார்த்தை இருக்கும். வேலை தேடற நேரத்துல இது வேண்டவே வேண்டாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி போட வேண்டிய ஃபில்டர் ஒண்ணு இருக்கு, யாரும் போடறதில்ல. காலேஜ் பிளேஸ்மென்ட் ஆபீஸ், நீங்க அப்ளை பண்ணின கம்பெனி, இவங்க டொமைனுக்கு 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்'. அவுட்லுக்ல ரூல்ஸ் மேலேர்ந்து கீழ வரிசையா ஓடும், அதனால இதை முதல்ல வச்சு 'ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்' டிக் பண்ணிடுங்க. ஜிமெயில்ல வரிசை கிடையாது, பொருந்தற எல்லா ஃபில்டரும் வேலை செய்யும்.

அன்சப்ஸ்கிரைப் பண்ணலாமா? தெரிஞ்ச கடைன்னா தாராளமா. ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்க விளம்பர மெயில்ல ஒரே கிளிக்ல விலகற வசதி தரணும்னு 2024ல கூகுள் விதியே கொண்டு வந்துச்சு. யாருன்னே தெரியாத மெயில்னா அந்த லிங்க்கைத் தொடாதீங்க, 'ரிப்போர்ட் ஸ்பேம்' அழுத்துங்க. அனுப்புறவர் பேரா தெரியறது அவங்களே எழுதிக்கிறது. '@'க்கு அப்புறம் என்ன இருக்குன்னு பாருங்க. பெரிய கம்பெனி பேரு, பின்னாடி சாதாரண ஜிமெயில் முகவரி, இன்டர்வியூவுக்கு முன்பணம் கேக்கறாங்கன்னா, அதுக்கு ரூல்கூட தேவையில்லை.

அடுத்த எபிசோடுல எஸ்.எம்.எஸ். தொல்லை, 1909. அதுவரைக்கும் ஸ்பேம் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. அங்கயும் 30 நாள்தான்.