கோடையில் உருவாகும் ஆட்டக்காரர்கள்

கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஒவ்வொரு அணியும் ஒரு சீசனில் 82 லீக் ஆட்டங்கள் ஆடுகிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆட்டமும் பயணமுமாகவே கழிகிறது. பந்தை எறியும் முறையை அந்த நெருக்கடியில் மாற்றினால், புது முறை கைக்குப் பழகும்வரை அணியின் புள்ளிகள் போகும். ஆகவே வீரர்களை வளர்க்கும் வேலை பெரும்பாலும் ஆட்டங்கள் இல்லாத ஆஃப் சீசனில்தான் நடக்கிறது.

திட்டம் கணக்கெடுப்பில் தொடங்குகிறது. எந்த இடத்திலிருந்து எறிந்த பந்துகள் தவறின, எந்தக் கையால் டிரிப்ளிங் செய்ய வீரர் தயங்கினார் என்பதை வீடியோவும் புள்ளிவிவரமும் காட்டிவிடும். அவற்றில் ஓரிரு குறைகளை மட்டும் வீரரோடு பேசித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் நல்ல முன்மாதிரி. ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கெலண்ட் 2005இல் அங்கே சேர்ந்தார். அவரிடம் பயின்ற அணி வீரர் டோனி பார்க்கர் த்ரீ பாயிண்ட் முயற்சிகளைக் குறைத்துக்கொண்டு, வளையத்துக்கு அருகிலும் நடுத்தொலைவிலும் கவனம் செலுத்தினார். 48.2 சதவீதமாக இருந்த அவரது ஃபீல்டு கோல் விகிதம் அடுத்த சீசனில் 54.8 ஆனது.

2011 ஜூனில் அணிக்கு வந்த காவாய் லெனார்ட், பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் எறிபவர். அதைச் சற்று முன்னால் கொண்டுவரச் சொன்னார் எங்கெலண்ட். ஜூலை 1 முதல், ஒப்பந்தத் தகராறில் அணி உரிமையாளர்கள் அறிவித்த லாக்அவுட். அணி தன் வீரரைத் தொடர்புகொள்ளவே தடை. அதற்கு முன் கிடைத்த சில நாட்களில் கற்ற ஒரே திருத்தத்தை லெனார்ட் மாதக்கணக்கில் தானாகவே பழகினார். கல்லூரியில் சுமார் 25 சதவீதமாக இருந்த த்ரீ பாயிண்ட் விகிதம், முதல் என்.பி.ஏ. சீசனிலேயே 37.6 சதவீதத்தைத் தொட்டது. பாடம் சிறிதாக இருந்ததால்தான் அதைத் தனியாகவும் பழக முடிந்தது.

அதே கோடையில், இறுதிச்சுற்றில் டல்லாஸிடம் தோற்றிருந்த லெப்ரான் ஜேம்ஸ், ஹூஸ்டனுக்குப் போய் முன்னாள் நட்சத்திர வீரர் ஹக்கீம் ஒலாஜுவனிடம், வளையத்துக்கு அருகே முதுகைக் காட்டி ஆடும் போஸ்ட் ஆட்டம் கற்றார். 2012இல் அவரது அணியான மயாமி ஹீட் கோப்பையை வென்றது.

குறையைத் தேர்ந்த பின் காலத்தைப் பிரிக்க வேண்டும். முதல் சில வாரங்கள் ஓய்வுக்கும் காயம் ஆறவும். அடுத்து உடல் வலுவும் திறன் பயிற்சியும். பிறகு அந்தத் திறனை, தடுப்பவர் எதிரே நிற்கும் ஆட்டத்தில் சோதிக்க வேண்டும். இளம் வீரர்களுக்கு ஜூலையில் லாஸ் வேகாஸில் நடக்கும் சம்மர் லீக் அதற்கான களம். எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தன என்பதை இடவாரியாக அன்றன்றே குறித்துவைத்தால்தான் முன்னேற்றம் தெரியும்.

பள்ளி, கல்லூரி அணிகளுக்கும் இதே வரிசை பொருந்தும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான். பயிற்சியாளர்கள் சீசன் முடிந்த வாரமே ஒவ்வொரு வீரரோடும் உட்கார்ந்து, அந்தக் கோடைக்கான ஒரு குறையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.