பழைய விளையாட்டுகளின் மகாநாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கிலே, ஒறிகன் மாநிலத்திலே, போட்லண்ட் என்னும் நகரம் இருக்கின்றது. 2006ஆம் ஆண்டு தொடக்கம் அந்நகரத்திலே விசித்திரமானதொரு மகாநாடு நடைபெற்று வருகின்றது. மகாநாடு என்றவுடன், தலைவர் மேடையில் வீற்றிருப்பார், தீர்மானங்கள் நிறைவேறும், நன்றியுரையோடு யாவரும் கலைவர் என்று நாம் எண்ணுவோம். இஃது அத்தகையதன்று. பெரியதொரு மண்டபத்திலே பழைய திரை விளையாட்டுப் பொறிகளும், அவற்றுக்கேற்ற பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் நிரை நிரையாக வைக்கப்பட்டிருக்கும். நுழைவுக் கட்டணம் செலுத்தி உள்ளே சென்றவர் எந்தப் பொறியின் முன்னும் நின்று, காசு போடாமலே விரும்பிய மட்டும் விளையாடலாம். நாற்பது ஐம்பது வயது கடந்தோரும் அவர்தம் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று ஆடுவர். நடத்துவோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். கலிபோர்னியாவிலும் 1997ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய கூட்டமொன்று கூடி வருகின்றது.

பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசப் புகுவதைக் கேட்டு நேயர் சிலர் நகைத்தல் கூடும். பிள்ளைகளின் கையிலிருந்து அதனைப் பறித்து வைப்பதன்றோ எம்முடைய தொழில்! ஆயினும் ஒரு பொருளைப் பறித்து வைப்பதற்கு முன்னர் அஃது யாது என்று அறிந்துகொள்ளுதல் நன்று.

முதலில் எழும் வினா இது. அந்தப் பழைய விளையாட்டுகளிற் பலவற்றை இக்காலத்துக் கைப்பேசியிலேயே ஆடலாம். அவ்வாறிருக்க, நண்பர்கள் நால்வர் விடுமுறை எடுத்து, வாகனத்தில் நெடுந்தூரம் சென்று, வரிசையில் நின்று ஆடுவது எதற்காக?

இதற்கு விடை காண அவ்விளையாட்டுகளின் தொடக்கத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, நியூ யோர்க் மாநிலத்துப் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில், பொதுமக்கள் வந்து பார்க்கும் தினத்துக்காக, வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிக அறிஞர் ஒரு விளையாட்டை அமைத்தார். ஆய்வுகூடத்து அலைவுகாட்டியின் சிறிய வட்டத் திரையிலே ஒளிப்புள்ளியொன்று பந்து போலத் துள்ளும். இருவர் ஆளுக்கொரு பெட்டியைக் கையிற் பிடித்து அதனை அடிப்பர். மற்றக் காட்சிப் பொருள்களை விட்டுச் சனங்கள் அதன்முன் வரிசையாய் நின்றனர். பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 1972இல், அற்றாரி என்னும் கொம்பனி ‘பொங்’ என்ற பொறியை வெளியிட்டது. அலன் அல்கோர்ன் என்னும் பொறியியலாளர் அமைத்த முதற் பொறியைக் கலிபோர்னியாவிலுள்ள மதுச்சாலை ஒன்றில் வைத்தார்கள். சில நாட்களில் அது பழுதாகிவிட்டது என்று செய்தி வந்தது. திறந்து பார்த்தபோது, காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்ததே பழுதுக்குக் காரணம் எனக் கண்டனர் என்பர்.

இவ்விரண்டிலும் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இவற்றைத் தனியே ஆட முடியாது. எதிரே ஆடுவதற்கு மனிதர் ஒருவர் வேண்டும். பொறி தானாக எதிராடும் திறன் அற்றது. பின்னர் வந்தவற்றுட் சில இதனை இன்னும் வியப்பாக வளர்த்தன. 1978இல் அற்றாரி வெளியிட்ட தீயணைப்பு வண்டி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். நீண்ட வண்டியின் முன்பக்கத்தை ஒருவர் அமர்ந்து திருப்புவார். பின்பக்கத்துச் சில்லுகளை மற்றவர் அவருக்குப் பின்னே நின்று வேறொரு சக்கரத்தால் திருப்புவார். இருவர் மனமும் ஒன்றுபடாவிடில் வண்டி சுவரில் மோதும். 1985இல் வந்த ‘கோன்ற்லெற்’ என்னும் பொறியின் முன் நால்வர் ஒருங்கே நிற்கலாம். நால்வரும் பாதாளக் கோட்டையொன்றிலே பூதங்களோடு பொருவர். ஒவ்வொருவரின் உயிர்ப்பலமும் கணந்தோறும் குறைந்துகொண்டே போகும். அதனைக் கூட்டுவதற்கு ஆங்காங்கே உணவு இருக்கும். உணவோ சில, வாயோ நான்கு! ஒருவர் எய்த அம்பு தவறி உணவிற் பட்டு அதனை அழித்துவிடுவதும் உண்டு. அப்போது எழும் கூச்சலும் சிரிப்பும் பழியுரையும் திரையிலே இல்லை. திரையின் முன்னே நிற்பவரிடம் இருக்கின்றன. விளையாட்டின் ஒரு பாதி அதுவே. கைப்பேசியிலே அந்தப் பாதி கிடைப்பதில்லை. தனியே சென்றவரும் அங்கே அயலார் ஒருவரோடு சேர்ந்து ஆடலாம். ஆனால் உணவைப் பாழாக்கிய அயலாரை ஏசுவதற்கு நமக்கு நா எழாது. அதற்கு நண்பரே வேண்டும்.

நிற்க. மற்றப் பாதி பொறியிலே இருக்கின்றது. இதனைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும்.

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் முகம், கதோட்டுக் கதிர்க் குழாய் எனப்படும் கனத்த கண்ணாடிக் குழாயாகும். அதன் பின்புறத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை, திரையின் உட்புறத்தில் இடமிருந்து வலமாக, ஒரு வரியின் கீழ் மறுவரியாக எழுதிச் செல்லும். செக்கனுக்கு ஏறத்தாழ 60 தடவை மேலிருந்து கீழ்வரை வந்து முடிக்கும். 1977இல் வெளிவந்த அற்றாரி வீட்டுப் பொறிக்கு இருந்த நினைவகம் 128 பைட் மாத்திரமே. நான் இப்பொழுது கூறும் இவ்வொரு வாக்கியத்தைக்கூட அதனுள் எழுதி வைத்தல் இயலாது. முழுப் படத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வழியில்லாமையால், அப்பொறி கற்றையோடு கூடவே ஓட வேண்டியதாயிற்று. கற்றை ஒரு வரியை எழுதத் தொடங்கு முன் அவ்வரியில் யாது வரவேண்டும் என்பதைப் பொறி ஆயத்தஞ் செய்து கொடுக்கும். கணப்பொழுது தாமதித்தாலும் படம் சிதறும். அக்காலத்து நிரலாளர் இந்த நெருக்கடிக்குள்ளேயே வேலை செய்தனர்.

நின்டென்டோ கொம்பனியின் வாத்து வேட்டை விளையாட்டும் இத்தகையதே. அது 1984இல் வெளிவந்தது. விளையாடுவோர் பிளாஸ்டிக் துப்பாக்கியால் திரையிலே பறக்கும் வாத்தைச் சுடுவர். துப்பாக்கியிலிருந்து யாதும் புறப்படுவதில்லை. அதன் வாயிலே ஒளியை உணரும் கண்ணொன்று உண்டு. விசையை இழுத்த கணத்திலே திரை முழுவதும் கறுத்து, உடனே வாத்து இருந்த இடம் மாத்திரம் வெண்சதுரமாய் ஒளிரும். துப்பாக்கியின் கண் அவ்வொளியைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொறி கொள்ளும். இவையெல்லாம் இமைப்பொழுதுக்குள் நிகழ்வன. இக்காலத்துத் தட்டைத் திரை படத்தைக் காட்டுவதற்குச் சிறிது தாமதிக்கின்றது. ஆகவே அதன்முன் நின்று எத்துணை நுட்பமாய்ச் சுட்டாலும் வாத்து விழாது. கனத்த பழைய பெட்டி இல்லையேல் அந்த விளையாட்டு இல்லை.

பொறியின் குறையே விளையாட்டின் நயமாக அமைந்ததும் உண்டு. யப்பானைச் சேர்ந்த தோமோஹிரோ நிஷிகாதோ 1978இல் அமைத்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்னும் விளையாட்டிலே, வேற்றுலகப் பகைவர் வரிசை வரிசையாய் இறங்கி வருவர். அனைவரையும் ஒருங்கே விரைவாக நகர்த்தும் வலிமை அதன் கணிப்புச் சில்லுக்கு இல்லை. பகைவர் சுடப்பட்டுக் குறையக் குறையச் சில்லின் பளுவும் குறையும். எஞ்சியவர் வேகம் மிகும். ஈற்றில் தனித்து நிற்கும் ஒருவன் மின்னலைப் போல ஓடுவான். நிஷிகாதோ இதனைத் திருத்தவில்லை, நன்றென்று விட்டுவிட்டார். அதனாலன்றோ ஆடுவோர் நெஞ்சு படபடக்கின்றது! 1980இல் வந்த ‘பாக்-மான்’ விளையாட்டில் கட்டங்களை எண்ணும் இடம் 255 வரையே கொள்ளும். 256ஆவது கட்டத்தை அடைந்தவருக்குத் திரையின் வலப்பாதி எழுத்தும் குறியுமாய்ச் சிதைந்து தோன்றும், அப்பால் வழியில்லை.

இப்பொறிகள் இப்பொழுது அழிந்து வருகின்றன. மகாநாட்டுக்குச் செல்வோர் பலர் வெளிப்படையாய்ச் சொல்லாவிடினும் அவர்களை அங்கே இழுப்பது இதுவே. சுற்றுகளிலுள்ள கொள்ளளவிகள் முதுமையடைந்து கசிகின்றன. கசிந்த திரவம் செப்புக் கோடுகளை அரிக்கின்றது. கதோட்டுக் கதிர்க் குழாய்களைப் பெருந்தொகையாய் உற்பத்தி செய்யும் தொழில் நின்றுவிட்டது. ஒன்று உடைந்தால் வேறொரு பழைய பெட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். ‘செல்டா’ என்னும் விளையாட்டின் அமெரிக்கப் பதிப்பு 1987இல் வந்தது. அதன் காட்ரிட்ஜினுள் சிறியதொரு மின்கலம் வைத்திருந்தார்கள். ஆடுபவர் தம் பெயரைப் பதிந்து, எதுவரை சென்றார் என்பதையும் சேமித்து வைக்கலாம். சந்தையிலே பழைய காட்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் பொறியில் இட்டால், பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு பிள்ளை பதிந்த பெயர் இன்னமும் திரையில் தோன்றக்கூடும். மின்கலம் இறந்தால் அப்பெயரும் போகும். ஏட்டுச்சுவடியைச் செல் அரித்தாலும் எஞ்சிய வரிகளைக் கண்ணால் வாசிக்கலாம். பொறி இறந்துவிட்டால் காட்ரிட்ஜை வெறுங் கண்ணால் வாசித்தல் எங்ஙனம்?

பழம்பொருளைப் பேணுவதில் இரு கட்சி உண்டு. திறவாமல் வைத்தலே பேணல் என்பது ஒன்று. 2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில், உறை பிரிக்கப்படாத ‘சுப்பர் மாரியோ 64’ காட்ரிட்ஜ் ஒன்று ஏலத்திலே 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அதனை வாங்கியவர் ஆடப்போவதில்லை. ஆடினால் விலை போய்விடும். மற்றக் கட்சி மகாநாட்டாருடையது. தம் சொந்தப் பொறிகளை வண்டியிலேற்றிக் கொணர்ந்து, முன்பின் அறியாத சிறுவர் கையிலே ஒப்படைக்கிறார்கள். பொத்தான் தேயும், கைப்பிடி முறியும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். இவர்கள் பக்கமே என் மனம் சாய்கின்றது. ஆடப்படாத விளையாட்டு பாடப்படாத பண் போன்றது. ஆயினும் எல்லாரும் இவர்களைப் போலாயின் நூறாண்டுக்குப் பின் தேய்ந்த பொத்தான்களே மிஞ்சும். நூதனசாலையின் கண்ணாடிப் பேழையும் ஓரளவுக்கு வேண்டியதுதான். நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோவில் 1983இல் அற்றாரி கொம்பனி விற்பனையாகாத காட்ரிட்ஜ்களைக் குப்பைமேட்டில் புதைத்தது; அவற்றை 2014 ஏப்பிரல் மாதத்தில் தோண்டி எடுத்தார்கள். தோல்விக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட ‘ஈ.டி.’ விளையாட்டின் பிரதியொன்று அங்கிருந்து ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குச் சென்றது. அதனை ஐந்து வாரங்களில் எழுதி முடித்த ஹவார்ட் வோர்ஷோ, தோண்டுமிடத்தில் நின்று பார்த்தார்.

புதிய கணினியிலே மென்பொருளால் பழைய பொறியைப் போலச் செய்வித்து ஆடும் முறையும் உண்டு. அது பெரிதும் பயன் தருவது. ஆனால் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 வீதமானவை இன்று கடையில் வாங்க முடியாதவை என 2023இல் வெளியான ஆய்வொன்று கண்டது. நூலகங்கள் அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தக் கொடுப்பதற்கு விலக்கு வேண்டினர். 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. விற்பதுமில்லை, இரவல் கொடுக்க விடுவதுமில்லை என்றால், அப்பொருளைக் காண்பதற்குத் தனியாரின் மேசைகளே மிஞ்சுகின்றன.

மகாநாட்டின் ஒரு பக்கத்திலே அத்தகைய மேசைகள் சந்தையாய் விரிந்திருக்கும். அங்கே கண்ணை விழித்துக்கொண்டு நடத்தல் வேண்டும், போலிகள் மிகுதி. அறிந்தவர், காட்ரிட்ஜைத் திறந்து உள்ளேயுள்ள சுற்றுப் பலகையைக் காட்டுமாறு கேட்பர். நேர்மையான வணிகர் அதற்கென உள்ள திருகாணிச் சாவியைத் தாமே எடுத்து நீட்டுவார்.

போட்டிகளும் உண்டு. மொஸ்கோவில் அலெக்சி பஜித்நொவ் 1984இல் ஆக்கிய டெட்ரிஸ் விளையாட்டை, நின்டென்டோவின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆடும் உலகப் போட்டி 2012 தொடக்கம் பல ஆண்டுகள் போட்லண்டில் நடந்தது. 2018இல் இறுதி ஆட்டத்துக்கு வந்தவருள் ஒருவர் ஏழு முறை வாகை சூடிய ஜோனஸ் நியூபவர். மற்றவர் ஜோசப் சேலி, 16 வயது. அவ்விளையாட்டு வெளிவந்த காலத்தில் சேலி பிறந்திருக்கவுமில்லை. சேலி வென்றார். நியூபவர் முகங்கோணாது வாழ்த்தினார். 2021 ஜனவரியில் அவர் இளவயதிலேயே காலமானார். இளைஞர்கள் கொணர்ந்த புதிய விரல்வித்தைகளின் பயனாக, 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அவ்விளையாட்டை அது செயலற்று நிற்குமளவும் ஆடி முடித்தான். அதுவரை மனிதர் எவரும் அவ்விடத்தை எட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலையிலே விளக்குகள் பாதி அணையும். பொறிகளை ஒவ்வொன்றாய் நிறுத்துவர். பெரிய கதோட்டுக் கதிர்ப் பெட்டியின் எடை முழுவதும் கண்ணாடி முகத்தின் பக்கமே. அதனை ஒருவர் தனித்துத் தூக்குவது அரிது. முகத்தை மார்போடு அணைத்து ஒருவரும், பின்புறத்தைத் தாங்கி ஒருவருமாய், அடிமேல் அடிவைத்து வண்டி நிற்கும் வாயிலை நோக்கி நடப்பர்.