போருக்கு முன் போடாத கணக்கு

இல்லத்தில் ஒரு திருமணம் நிச்சயமானால், நாள் குறிக்கும் முன்பே பெரியவர்கள் கூடி அமர்ந்து செலவுக் கணக்குப் பார்ப்பது நம் குடும்பங்களின் வழக்கம். கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, அக்கடனை அடைக்கப் போகிறவர் யார் என்றெல்லாம் பேசி முடித்த பிறகே காரியத்தில் இறங்குகிறோம். எளிய குடும்பமும் தவறாது செய்யும் இதனை, உலகின் மிகப் பெரிய வல்லரசு ஒரு போரைத் தொடங்கும் வேளையில் செய்ய மறுத்தது. 2003ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று தொடங்கிய இராக் போரைத்தான் குறிப்பிடுகிறோம்.

அப்போர் சரியா, தவறா என்ற விவாதம் அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஆனால் அதன் விலை பெரிதாக இருக்கும் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்ட இரகசியம் அன்று. முன்கூட்டியே கணக்குச் சொன்னவர்கள் அந்நாட்டு அரசாங்கத்திற்குள்ளேயே இருந்தார்கள். அவர்களுடைய சொல் அம்பலம் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தியாகும்.

மலிவான வெற்றி தந்த மயக்கம்

1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் அதிபர் சதாம் ஹுசைன் குவைத்தின் மீது படையெடுத்தார். மறு ஆண்டு, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் தீர்மானத்தைத் துணையாகக் கொண்டு அமெரிக்காவும் அதன் தோழமை நாடுகளும் குவைத்தை மீட்டன. தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. போர்முனையில் மாண்ட அமெரிக்க வீரர்கள் 150 பேருக்கும் குறைவு. செலவான சுமார் 6,100 கோடி டாலரில் ஏறத்தாழ 5,400 கோடி டாலரை சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகளே ஏற்றுக்கொண்டன.

அன்றைய அதிபர் மூத்த புஷ் பக்தாத் வரை படையை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால், பகைமை நிறைந்த ஒரு நாட்டை அடக்கி ஆளும் பொறுப்பு அமெரிக்காவின் தலையில் விழுந்திருக்கும் என்று 1998இல் வெளிவந்த நூலில் அவரே எழுதினார். ஆயினும் மக்கள் மனத்தில் தங்கியது அந்த நிதானம் அன்று. விரைவான, மலிவான வெற்றியின் நினைவே தங்கியது.

எச்சரித்தவர்கள்

2002 செப்டம்பரில், அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, இராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை செலவாகலாம் என்றார். வரவு செலவுத் திட்ட அலுவலகத்தின் தலைவர் மிட்ச் டேனியல்ஸ் அதனை மிகையான மதிப்பீடு என்று ஒதுக்கினார். அவ்வாண்டு இறுதியில் அவர் சொன்ன தொகை 5,000 கோடி முதல் 6,000 கோடி டாலர். டிசம்பரிலேயே லிண்ட்சே பதவியை விட்டு விலக நேர்ந்தது.

2003 பிப்ரவரி 25 அன்று தரைப்படைத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி செனட் சபைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். போருக்குப் பின் இராக்கில் அமைதி காக்கப் பல இலட்சம் வீரர்கள் தேவைப்படுவர் என்பது அவர் கருத்து. இரண்டே நாட்களில், பாதுகாப்புத் துறைத் துணை அமைச்சர் பால் வூல்போவிட்ஸ் அக்கணிப்பை அடியோடு மறுத்தார். இராக்கின் எண்ணெய் வருவாயே அந்நாட்டின் புனரமைப்புச் செலவை விரைவில் தாங்கும் என்றும் அவர் மார்ச் மாதத்தில் கூறினார்.

போரை ஆதரித்தவர்கள் அனைவரும் கல்நெஞ்சர் அல்லர். சதாமின் கொடுங்கோன்மை கற்பனையும் அன்று. 1988இல் ஹலப்ஜா நகரில் அவருடைய படை வீசிய நச்சு வாயுவில் ஏறத்தாழ 5,000 குர்து மக்கள் மடிந்தனர். அத்தகையவரிடம் பேரழிவு ஆயுதங்கள் இருந்தால் உலகின் கதி என்ன என்ற அச்சம், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் பலரை ஆட்கொண்டிருந்தது. 2002 அக்டோபரில் பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்றும், செனட் சபை 77க்கு 23 என்றும் வாக்களித்துப் போருக்கு அனுமதி தந்தன.

விளைந்தது என்ன?

பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. அவற்றைத் தேடச் சென்ற அமெரிக்கக் குழுவே, அத்தகைய ஆயுதக் கையிருப்பு இல்லை என்று 2004இல் அறிக்கை தந்தது. ஐ.நா. மன்றத்தில் ஆதாரங்களை எடுத்துரைத்த வெளியுறவு அமைச்சர் காலின் பவல், அவ்வுரை தம் வாழ்வில் ஒரு களங்கம் என்று 2005இல் வருந்தினார்.

2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரேமர் ஒரே ஆணையில் இராக் இராணுவத்தைக் கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் ஊதியமின்றி வீதிக்கு வந்தனர். அவர்களுள் பலர் கிளர்ச்சியாளர்களுடன் சேர்ந்தனர். 2006 பிப்ரவரியில் சாமர்ரா நகரின் அஸ்கரி தர்கா குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் ஒரே தெருவில் தலைமுறைகளாக வாழ்ந்த ஷியாக்களும் சுன்னிகளும் ஒருவருக்கொருவர் அஞ்சி வீடு மாறினர். 2007ஆம் ஆண்டுக்குள் வீடிழந்தோர் 40 இலட்சத்தைக் கடந்தனர்.

2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறியது. மூன்றாண்டு கழியுமுன், அக்குழப்பத்தில் வேர்விட்ட ஐ.எஸ். இயக்கம் மோசூல் நகரைக் கைப்பற்றியது. அத்தீயின் அனல் நம் நாட்டையும் தொட்டது. 2014இல் திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர் பாதுகாப்பாக மீண்டனர். மோசூலில் பிடிபட்ட கட்டிடத் தொழிலாளர் 39 பேர் மீளவில்லை. அவர்கள் கொல்லப்பட்டுவிட்டதை 2018 மார்ச்சில்தான் நம் நாடாளுமன்றம் அறிந்தது. நான்காண்டு காலம் வாசலைப் பார்த்திருந்த அக்குடும்பங்களின் துயரை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னும் அடையாத கடன்

இராக் போரில் உயிரிழந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500 பேர். இராக்கிய மக்களின் இழப்போ அளவில் பன்மடங்கு. சான்றுகளைத் திரட்டிக் கணக்கிட்டவர்களின் பதிவுப்படி, 20 ஆண்டுகளில் வன்முறையில் மாண்ட சாதாரணக் குடிமக்கள் மட்டும் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். அவர்கள் விட்டுச் சென்ற விதவையரும் எத்தீம்களும் எத்தனை பேர்!

பணக் கணக்கைப் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டனர். இராக், ஆப்கானிஸ்தான் உள்ளிட்ட 2001க்குப் பிந்திய போர்களின் மொத்தச் சுமை 8 இலட்சம் கோடி டாலர். இதில் 2.2 இலட்சம் கோடி டாலர், போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு இனி வரும் பல பத்தாண்டுகளில் தர வேண்டிய மருத்துவ, உதவித் தொகை. அப்போர்களில் மாண்ட அமெரிக்க வீரர்கள் சுமார் 7,000 பேர். அக்காலத்தில் பணியாற்றியவர்களுள் தற்கொலை செய்துகொண்டோரோ 30,000க்கும் மேல் என்பது அதே ஆய்வுத் திட்டத்தின் மதிப்பீடு.

வெடிச்சத்தம் அடங்கியவுடன் போர்ச் செலவு நின்றுவிடுவதில்லை. முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. அப்போரில் ஊனமுற்றவர்களுக்கான உதவித்தொகை உச்சத்தை எட்டியதோ 1969இல். 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர் ஒருவருடைய மகளுக்கு, மாதம் 73 டாலர் ஓய்வூதியம் 2020 வரை சென்று கொண்டிருந்தது. இன்று எடுக்கும் முடிவின் கடனைப் பேரப்பிள்ளைகளும் சுமக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முடிவெடுப்போரும் விலை கொடுப்போரும்

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். எச்சரிக்கைகள் ஏன் செவியில் ஏறவில்லை? முடிவெடுத்தவர்கள் விலை கொடுப்பவர்களாக இல்லை என்பதே காரணம். கட்டாய இராணுவ சேவை 1973இலேயே நின்றுவிட்டதால், போர்முனைக்குச் சென்றோர் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. போர் தொடங்கி இரண்டு மாதங்களில், 2003 மே மாதம், வரிகள் உயர்வதற்குப் பதிலாகக் குறைக்கப்பட்டன. செலவுக்கான பணம் கடனாக வந்தது. பெரும்பாலான இல்லங்களில் அடுப்பும் விளக்கும் வழக்கம்போல் எரிந்தன. போர் தொலைக்காட்சியில் மட்டும் நடந்தது.

இதனை உணர்த்த முயன்றவர்களும் உண்டு. கொரியப் போரில் பங்கேற்ற சார்லஸ் ரேங்கல் என்னும் பிரதிநிதி, கட்டாய சேவையை மீட்கும் மசோதாவை 2003 ஜனவரியில் கொண்டுவந்தார். வசதி படைத்தோரின் பிள்ளைகளும் களத்திற்குச் செல்வதாக இருந்தால் தலைவர்கள் ஒரு முறைக்கு இரு முறை சிந்திப்பார்கள் என்பது அவர் வாதம். மறு ஆண்டு அது 402க்கு 2 என்று தோற்றது. அவரே அதனை எதிர்த்து வாக்களித்தார். போருக்கென்று தனி வரி விதிக்கலாம் என 2009இல் டேவிட் ஓபி முன்மொழிந்ததும் நிறைவேறவில்லை. மகனையோ பணத்தையோ கொடுக்க வேண்டும் என்றதும் அவை பின்வாங்கியது.

போர் அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் மக்கள் பிரதிநிதிகளின் காங்கிரசுக்கே அளித்துள்ளது. ஆயினும் முறைப்படியான போர் அறிவிப்பு கடைசியாக நிகழ்ந்தது 1942இல். கொரியா, வியட்நாம், இராக் எல்லாம் அதிபரின் ஆணையாலோ, பொதுவான ஓர் அனுமதித் தீர்மானத்தாலோ நடந்தவையே.

வடக்குக் கரோலினாவின் பிரதிநிதி வால்டர் ஜோன்ஸ் இராக் போருக்கு ஆதரவாக வாக்களித்தவர். போரை எதிர்த்த பிரான்ஸ் மீதுள்ள கோபத்தில், நாடாளுமன்ற உணவகத்தில் ‘பிரெஞ்சு’ என்று தொடங்கும் உருளைக்கிழங்கு வறுவலின் பெயரையே மாற்ற வைத்தவர். பின்னர் ஓர் இளம் வீரரின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டபோது அவர் உள்ளம் அசைந்தது. அது முதல், மாண்ட வீரர்களின் குடும்பத்தாருக்குத் தம் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பத் தொடங்கினார். 2019இல் அவர் மறையும் வரை அனுப்பியவை 11,000க்கும் அதிகம். தம் வாக்கின் விலையை, காலம் கடந்தேனும், ஒவ்வொரு பெயராக அவர் கணக்கிட்டார்.

அக்கணக்கை வாக்களிக்கும் முன்பே போட வேண்டும். செல்லப் போவது யார் பிள்ளை, செலவை ஏற்பது எந்தத் தலைமுறை, வென்ற மறுநாள் அந்நாட்டு மக்களுக்குச் சோறும் காவலும் தருவது யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை சொல்லாமல் போருக்கு அனுமதி கேட்பவர் எந்தக் கட்சியினராயினும், எந்த நாட்டினராயினும், அவரிடம் மக்கள் முதலில் கேட்க வேண்டியது செலவுக் கணக்கையே.