மொபெட் சூடானால் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

ஓமந்தூரிலிருந்து திண்டிவனத்துக்கு நிலக்கடலை மூட்டையுடன் போகிறீர்கள். வழியில் மொபெட் இழுவை குறைந்து நிற்கிறது. உடனே இன்ஜின் மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான ஹெட் திடீரெனக் குளிர்ந்தால் கோணிவிடும், விரிசலும் விடலாம். நிழலில் நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள்.

இந்த இன்ஜினைக் குளிர்விப்பது காற்றுதான். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் சேறு, வைக்கோல் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. அதிக பாரமும் ஆயில் குறைவும் சூட்டைக் கூட்டும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பருக்குப் பெட்ரோலில் 2டி ஆயிலை அளவாகக் கலக்க வேண்டும். எக்ஸ்.எல். 100-க்கு இன்ஜின் ஆயில் தனி. அதன் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தில் கரிய எண்ணெய்க் கறை, 'புஸ் புஸ்' சத்தம் இருக்கிறதா? இன்ஜின் ஆறியதும் அங்கே சோப்பு நுரை தடவி, கிக்கரை மிதியுங்கள். குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

பழைய கேஸ்கட்டை மீண்டும் போடக் கூடாது. ஹெட் சமமாக உள்ளதா என மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும்.

சூட்டின் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய கேஸ்கட்டும் போகும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகி, அறுவடை நேரத்தில் வண்டி படுத்துவிடும்.